ஜிம்முக்குப் போகும் விசுவாசி: கிறிஸ்தவமும் உடம்பும் பற்றி ஓர் எளிய விளக்கம்

சபையில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. ஞாயிறு காலையில் "அழகு வீண், இந்தச் சரீரம் மண்ணுக்குத்தான் போகும்" என்று பிரசங்கம் கேட்டிருப்போம். அதே நாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கல்யாணப் பேச்சு வரும்போது "பிள்ளை நல்ல பக்திதான், ஆனா கொஞ்சம் நிறம் கம்மி" என்பதையும் அதே வீட்டில் கேட்டிருப்போம். வாலிபர் கூட்டத்துக்கு ஒருவன் புஜம் தெரிகிற மாதிரி டி-ஷர்ட் போட்டு வந்தால் "என்ன தம்பி, மாம்சத்துல நல்ல வளர்ச்சி போல" என்று ஒரு கிண்டல் விழும். சொல்கிறவர் தொப்பையோடும், சட்டைப் பையில் சுகர் மாத்திரையோடும் நிற்பார்.

ஆக, ஒரு கிறிஸ்தவர் தன் உடம்பைக் கவனிக்கலாமா கூடாதா? ஜிம், டயட், முடிக்கு டை, முகத்துக்கு கிரீம், கம்மல், காஜல் இதெல்லாம் விசுவாசத்தோடு ஒத்துப்போகுமா? சபைப் பழக்கம் இல்லாதவர்களுக்கும் புரிகிற மாதிரி அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். வசனங்களை நம் வீடுகளில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் உள்ளபடியே தருகிறேன், கொஞ்சம் பழந்தமிழ் வாசம் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பைப் பேணுவதோடு வேதாகமத்துக்குப் பெரிய சண்டை எதுவும் கிடையாது. உடம்பையும் உடுப்பையும் வைத்து ஆளை எடைபோடுகிறோமே, அதோடுதான் அதற்குத் தீராத சண்டை.

உடம்பு கெட்டது என்று யார் சொன்னது?

"ஆத்துமாதான் முக்கியம், உடம்பு வெறும் கூடு" என்பது நிறைய பேர் கிறிஸ்தவப் போதனை என்றே நம்பிக்கொண்டிருக்கும் ஒரு விஷயம். உண்மையில் ஆதித் திருச்சபை இதை எதிர்த்துத்தான் சண்டை போட்டது. முதல் இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் ஞானவாதிகள் எனப்பட்ட சில குழுக்கள், பருப்பொருள் எல்லாமே தாழ்ந்தது, ஆவி மட்டுமே உயர்ந்தது என்று போதித்தன. அவர்களில் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், இயேசுவுக்கு நிஜமான உடம்பே கிடையாது, உடம்பு இருப்பது போலத் தோன்றியது, அவ்வளவுதான் என்றார்கள். சபை இதைத் துர்ப்போதகம் என்று தள்ளியது. மாம்சத்தில் வந்த இயேசு கிறிஸ்துவை அறிக்கை பண்ணாத ஆவி தேவனால் உண்டானதல்ல என்று யோவானின் முதல் நிருபம் (அதாவது கடிதம்) நேராகவே சொல்லிவிடுகிறது.

கிறிஸ்தவத்தின் மூன்று பெரிய நம்பிக்கைகளை எடுத்துக்கொண்டால் மூன்றுமே உடம்பைச் சுற்றித்தான் நிற்கின்றன. தேவன் மனுஷனை மண்ணில் உருவாக்கி, படைத்ததையெல்லாம் பார்த்து "மிகவும் நன்றாயிருந்தது" என்கிறார். அப்புறம் தேவனே மனுஷ உடம்பெடுத்து வருகிறார். பசிக்கிறது, களைக்கிறது, படகில் தலையணை வைத்துத் தூங்குகிறார். கடைசியாக, செத்துப் பிழைத்தபோது ஆவியாக மிதந்து வரவில்லை. சீஷர்கள் பேயைப் பார்த்த மாதிரி மிரண்டு நிற்க, "புசிக்கிறதற்கு ஏதாகிலும் இங்கே உங்களிடத்தில் உண்டா" என்று கேட்டு, பொரித்த மீன் துண்டை வாங்கி அவர்கள் கண் முன்னாலேயே சாப்பிட்டுக் காட்டுகிறார் (லூக்கா 24). அந்த உயிர்த்தெழுந்த உடம்பில் ஆணித் தழும்பு அப்படியே இருந்தது, தோமா தொட்டுப் பார்க்கலாம் என்கிற அளவுக்கு. எனக்கு இது சாதாரண விஷயமாகப் படவில்லை. சாவையே ஜெயித்த உடம்பு ஃபில்டர் போட்ட உடம்பாக இல்லை, பட்ட காயம் தெரிகிற உடம்பாக இருந்திருக்கிறது. ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் சரீரம் உயிர்த்தெழும் என்று வேறு நாமே வாய்விட்டுச் சொல்கிறோம்.

அப்படியானால் "மாம்சம்" என்று, சபைகளுக்கு நிருபங்கள் எழுதிய அப்போஸ்தலன் பவுல் திட்டிக்கொண்டே இருக்கிறாரே, அது என்ன? கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் மாம்சத்தின் கிரியைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, ஒருமுறை திறந்து பாருங்கள். விபச்சாரம், வெறி, களியாட்டு உண்டு, சரி. ஆனால் பகைகள், விரோதங்கள், கோபங்கள், சண்டைகள், பிரிவினைகள், பொறாமைகள் என்று நீண்டுகொண்டே போகிறது. பொறாமை எந்தத் தசையில் இருக்கிறது? சபைக் கமிட்டித் தேர்தலில் நடக்கும் கோஷ்டிச் சண்டை இந்தப் பட்டியலில் நன்றாகப் பொருந்துகிறது, டம்பெல் தூக்குவது பொருந்தவில்லை. தேவனை விட்டு விலகித் தன்னிஷ்டத்துக்கு ஓடும் மனுஷ சுபாவத்தைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார்.

ஆனாலும் உடம்பை வதைப்பதுதான் பக்தி என்கிற எண்ணம் போய்விடவில்லை. 5-ஆம் நூற்றாண்டில் சிரியாவில் சிமியோன் என்ற துறவி ஒரு தூணின் உச்சியில் முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். அசிசி பிரான்சிஸ் தன் உடம்பைக் "கழுதைத் தம்பி" என்று அழைத்து, பட்டினியாலும் குளிராலும் அதை வாட்டினார். கடைசி நாட்களில் அந்தத் தம்பியிடம் தான் ரொம்பக் கடுமையாக நடந்துகொண்டதாக அவரே ஒப்புக்கொண்டதாகச் சொல்வார்கள். சரீர ஒடுக்கம் பார்க்க ஞானம் மாதிரித் தெரிந்தாலும் அதனால் பிரயோஜனம் இல்லை என்று கொலோசெயர் 2-ஆம் அதிகாரம் அப்போதே எச்சரித்திருக்கிறது.

சண்டைக்கு இழுக்கப்படும் இரண்டு வசனங்கள்

ஜிம் ஆதரவாளர்கள் கையில் ஒரு வசனம், எதிர்ப்பாளர்கள் கையில் ஒரு வசனம். இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்துப் படித்தால் இரண்டு தரப்புக்குமே கொஞ்சம் சங்கடம்தான்.

முதலாவது, "உங்கள் சரீரமானது... பரிசுத்த ஆவியினுடைய ஆலயமாயிருக்கிறது" (1 கொரிந்தியர் 6:19). பல ஜிம் போகும் கிறிஸ்தவர்களின் இன்ஸ்டாகிராம் பயோவில் இது இருக்கும். சிகரெட்டுக்கு எதிராக ஓய்வுநாள் பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான். ஆனால் பவுல் அந்த இடத்தில் பேசுவது விபச்சாரத்தைப் பற்றி. கொரிந்து பெரிய துறைமுக நகரம், பணமும் கேளிக்கையும் புரண்ட ஊர். "வயிற்றுக்குப் போஜனம், போஜனத்துக்கு வயிறு" என்ற மாதிரி, உடம்பு எப்படியும் அழியப்போகிறது, அதை வைத்து என்ன செய்தால் என்ன என்று அங்கே சிலர் பேசியிருக்கிறார்கள். அதற்குத்தான் பவுல், "சரீரமோ... கர்த்தருக்கே உரியது, கர்த்தரும் சரீரத்துக்கு உரியவர்" என்று பதில் சொல்லி, "நீங்கள் உங்களுடையவர்களல்ல" என்று முடிக்கிறார். இந்த அடிப்படையைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் உடற்பயிற்சிக்கும் நீட்டிக்கொண்டு போவது தப்பில்லை, நியாயம்தான். ஆனால் முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆலயம் என்றால் அது வேறொருவருடைய வீடு. அதைப் பாழாக விடவும் உங்களுக்கு உரிமை இல்லை, அதில் உங்கள் சொந்தச் சிலையை நிறுத்திக்கொள்ளவும் உரிமை இல்லை.

இரண்டாவது, எதிர்த் தரப்பின் பிரம்மாஸ்திரம்: "சரீர முயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது, தேவபக்தியானது... எல்லாவற்றிலும் பிரயோஜனமுள்ளது" (1 தீமோத்தேயு 4:8). பார்த்தாயா, அற்பம் என்று போட்டிருக்கிறதே என்பார்கள். அற்பப் பிரயோஜனம் என்றாலும் பிரயோஜனம்தானே! இன்னொன்று, ஐந்து வசனம் மேலே போனால் விவாகம் கூடாது, இன்னின்ன உணவு சாப்பிடக் கூடாது என்று தடை போடுகிறவர்களைத்தான் அந்த அதிகாரம் கண்டிக்கிறது. "தேவன் படைத்ததெல்லாம் நல்லதாயிருக்கிறது" என்ற வரியும் அங்கேயேதான் வருகிறது. உடம்பை வெறுக்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் இடத்தில் வருகிற வசனத்தை எடுத்து, உடம்பைக் கவனிக்கிறவர்களை அடிப்பது கொஞ்சம் அநியாயம்.

அப்புறம் பவுலின் காலத்து வாழ்க்கையையும் யோசிக்க வேண்டும். அவர் நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்த்தவர் அல்ல. அப்போஸ்தலர் 20-இல் கூட இருந்தவர்களையெல்லாம் கப்பலில் அனுப்பிவிட்டு, துரோவாவிலிருந்து ஆசோ பட்டணத்துக்கு அவர் மட்டும் கால்நடையாகப் போகிறார். சுமார் 30 கிலோமீட்டர், அதுவும் விடிய விடியப் பிரசங்கம் பண்ணிய மறுநாள். அப்படிப்பட்ட ஆளுக்கு எதற்கு ட்ரெட்மில்? கொரிந்துக்குப் பக்கத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடந்த இஸ்த்மிய விளையாட்டுகள் பற்றியும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பந்தயச் சாலையில் ஓடுகிறவர்கள், இச்சையடக்கம், அழிவுள்ள கிரீடம், காற்றில் குத்தாமல் குறிபார்த்துக் குத்தும் சிலம்பக்காரன் என்று 1 கொரிந்தியர் 9-இல் எழுதுகிறார். விளையாட்டை வெறுத்தவர் எழுதுகிற எழுத்தாக அது தெரியவில்லை.

அழகு, நகை, நிறம்

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது.

வேதாகமத்தில் அழகானவர்கள் நிறைய. சாராள், ராகேல், யோசேப்பு, எஸ்தர். "மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்" என்ற புகழ்பெற்ற வசனம் தாவீதைத் தேர்ந்தெடுக்கும் கதையில்தான் வருகிறது (1 சாமுவேல் 16:7). வேடிக்கை என்னவென்றால், அடுத்த ஐந்தாவது வசனத்திலேயே "அவன் சிவந்த மேனியும், அழகிய கண்களும், நல்ல ரூபமுமுள்ளவனாயிருந்தான்" என்று தாவீதை வர்ணித்தும் விடுகிறார்கள். கதையை எழுதினவருக்கு அழகைக் கவனிப்பதில் கூச்சமே இல்லை. தாவீதின் மகன் அப்சலோம் வந்தால் இன்னும் விரிவாகவே எழுதுகிறார்: உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை ஒரு பழுது கிடையாது, வருஷத்துக்கு ஒருமுறை முடி வெட்டினால் இருநூறு சேக்கல் நிறை, அதாவது இரண்டு கிலோவுக்கு மேல்! கடைசியில் கோவேறு கழுதையில் போகும்போது அந்தத் தலைதான் கர்வாலி மரத்தில் மாட்டிக்கொண்டது.

கண்ணுக்கு மை தீட்டினால் சில பெரியவர்கள் உடனே பழைய ஏற்பாட்டின் பொல்லாத ராணி யேசபேலை இழுப்பார்கள், அவள் கண்ணுக்கு மையிட்டுத் தலையைச் சிங்காரித்தாள் என்று. அவளைக் கெட்டவளாக்கியது மை இல்லை, நாபோத்தின் திராட்சத் தோட்டத்துக்காக அவனைப் பொய்சாட்சி வைத்துக் கொல்ல வைத்தது. மைதான் பாவம் என்றால் எஸ்தரை என்ன செய்வது? ஆறு மாதம் வெள்ளைப்போளத் தைலம், ஆறு மாதம் சுகந்தவர்க்கம், ஆக மொத்தம் ஒரு வருஷ பியூட்டி பார்லர். அந்த எஸ்தர் பெயரில் நம் ஊரில் பெண்கள் ஐக்கியமே நடத்துகிறோம்.

சரி, அப்படியென்றால் மயிரைப் பின்னி பொன்னாபரணம் அணிகிற "புறம்பான அலங்கரிப்பு" வேண்டாம், இருதயத்தில் மறைந்திருக்கிற குணமே அலங்காரம் என்று பேதுரு எழுதியது? (1 பேதுரு 3). பவுலும் தீமோத்தேயுவுக்கு ஏறக்குறைய இதையே எழுதுகிறார். இந்த வசனங்களின்படி, பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் ஞானஸ்நானத்துக்கு முன்னால் கம்மலையும் செயினையும் கழற்றிவிடுவார்கள், தாலிகூடக் கட்டாத கல்யாணங்கள் உண்டு. இதை நான் கேலி செய்ய மாட்டேன். பவுன் விலை பெண்ணைப் பெற்றவர்களின் கழுத்தை நெரிக்கிற ஒரு சமூகத்தில், "எங்களுக்கு நகையே வேண்டாம்" என்று ஒரு கூட்டம் ஜனம் சொல்வது சின்ன விஷயம் இல்லை. ரோமப் பேரரசிலும் பொன்னும் முத்தும் கோபுரம் மாதிரி உயர்த்திக் கட்டிய பின்னலும் நான் யார் வீட்டுப் பெண் தெரியுமா என்று காட்டும் அடையாளங்களாகத்தான் இருந்தன. அடிமைப் பெண்ணும் எஜமானியும் ஒரே அறையில் அப்பம் பிட்கும் கூட்டத்தில் அந்த அடையாளம் உள்ளே வந்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்று யாக்கோபு படம் பிடித்தே காட்டுகிறார். பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் தரித்த ஒருவர் ஆலயத்துக்குள் வருகிறார். கந்தையான வஸ்திரம் தரித்த ஒரு தரித்திரனும் வருகிறான். முதலாமவரைப் பார்த்து "ஐயா, நீங்க இந்த நல்ல இடத்துல உட்காருங்க", இரண்டாமவனிடம் "நீ அங்கே நில்லு, இல்லைன்னா என் பாதபடியிலே உட்காரு." இப்படிச் செய்தால் நீங்கள் தகாத சிந்தனையுள்ள நியாயாதிபதிகள் என்கிறார் (யாக்கோபு 2). மோதிரம் போட்டவரை அவர் திட்டவே இல்லை, கவனித்தீர்களா? அவர் திட்டுவது நாற்காலி காட்டியவரை.

இதை வைத்துப் பார்த்தால் நகை போடாததும் அதே நோயாக மாறலாம். வெள்ளைச் சேலை கட்டிய அக்கா, கம்மல் போட்டு வந்த பெண்ணை மேலும் கீழும் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது யாக்கோபு சொன்ன பார்வைக்கு எந்த விதத்தில் குறைந்தது? காதோட்டை தூர்ந்துபோனவர் உசத்தி, ஜிமிக்கி போட்டவர் மட்டம் என்று தரம் பிரித்தால், பொன்னை வைத்துச் செய்ததைப் பொன் இல்லாமல் செய்கிறோம், அவ்வளவுதான். உபவாசத்திலும் இதே கதைதான். உபவாசிக்கிறேன் என்று ஊருக்குக் காட்ட வாடின முகத்தோடு திரிந்தவர்களைப் பார்த்து இயேசு சொன்னது, "உன் தலைக்கு எண்ணெய் பூசி, உன் முகத்தைக் கழுவு." தலை வாரிக்கொண்டு பளிச்சென்று இருப்பதே சில சமயம் பெரிய தாழ்மை.

தோற்றம் என்பது வெறும் பகட்டு, விட்டுத் தள்ளு என்று சொல்லிவிடவும் முடியாது. 19-ஆம் நூற்றாண்டில் தென் திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், நாடார் பெண்கள் மார்பை மறைக்கத் துணி போடக் கூடாது என்ற சாதிக் கட்டுப்பாடு இருந்தது. கிறிஸ்தவத்துக்கு வந்த பெண்கள் குப்பாயம் என்ற ரவிக்கை போட ஆரம்பித்தார்கள், தோளில் சீலையும் போட்டார்கள். எதிர்த்த மேல்சாதிக்காரர்கள் அந்தத் துணியைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள், கிறிஸ்தவ ஆலயங்களை எரித்தார்கள். பல பத்தாண்டுகள் நீண்ட அந்தத் தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859-இல்தான் மேலாடை உரிமையை ஏற்றுப் பிரகடனம் வந்தது, அதுவும் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தப் பெண்களிடம் போய் "வெளித்தோற்றம் முக்கியமில்லை சகோதரி" என்று பிரசங்கம் செய்ய முடியுமா? ஒரு முழத் துணி அங்கே மானம், விசுவாசம், சமத்துவம் எல்லாமாகவும் இருந்தது.

நிறத்துக்கு வருவோம். நம் வீட்டுச் சுவர்களிலும் காலண்டர்களிலும் இருக்கும், அலையலையான பழுப்பு முடியும் வெளிர் முகமுமான இயேசு படத்தில் பெரும்பங்கு வார்னர் சால்மன் என்ற சிகாகோ ஓவியர் 1940-இல் வரைந்த படத்தின் நகலோ அதன் சாயலோதான். முதல் நூற்றாண்டில் கலிலேயா வெயிலில் தச்சு வேலை செய்த ஒரு யூதர் அப்படி இருந்திருக்க வழியில்லை. ஏசாயா 53-ஐ இயேசுவைப் பற்றிய தீர்க்கதரிசனமாகத்தான் சபை வாசிக்கிறது, அதில் "அவருக்கு அழகுமில்லை, சௌந்தரியமுமில்லை" என்றே போட்டிருக்கிறது. உன்னதப்பாட்டின் மணவாட்டியோ "நான் கறுப்பாயிருந்தாலும் அழகாயிருக்கிறேன்" என்கிறாள். இதையெல்லாம் வாசிக்கிற நாம்தான் கிறிஸ்தவ மணமகள் தேவை விளம்பரத்தில் "சிவந்த நிறம்" என்று போடுகிறோம். முகத்துக்கு சன்ஸ்கிரீன் பூசுவது ஆரோக்கியம். கறுப்பைக் குறை என்று நினைத்துச் சிவப்பழகு கிரீம் பூசுவது, படைத்தவரின் கைவேலையில் பிழை கண்டுபிடிப்பது. கிரீம் பூசுகிற பெண்ணைவிட, பூச வைக்கிற அத்தைகளிடம்தான் எனக்குக் கோபம்.

அசனமும் ஆட்டுக்கறியும்

குடிக்கு எதிராக, சினிமாவுக்கு எதிராக, லிப்ஸ்டிக்குக்கு எதிராகப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். மூன்றாவது முறை வாங்கிச் சாப்பிடும் பிரியாணிக்கு எதிராக? கத்தோலிக்கப் பாரம்பரியத்தில் ஏழு தலையான பாவங்களில் பெருந்தீனியும் ஒன்று. "நீ போஜனப்பிரியனாயிருந்தால், உன் தொண்டையிலே கத்தியை வை" என்று நீதிமொழிகள் 23 மிரட்டவே செய்கிறது. ஆனால் திருநெல்வேலிப் பக்கம் ஆலய அசனத்துக்குப் போய்ப் பாருங்கள். அண்டா அண்டாவாகச் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, பந்தி பந்தியாக ஊரே உட்கார்ந்து சாப்பிடும். அது அழகான வழக்கம், பணக்காரனும் ஏழையும் ஒரே இலை வரிசையில் உட்காருகிறார்கள், யாக்கோபு பார்த்தால் சந்தோஷப்படுவார். வருஷத்துக்கு ஒருமுறை வரும் அசனத்தால் யாருக்கும் சுகர் வராது. வாரம் முழுக்க உட்கார்ந்த இடத்திலேயே வேலை, ராத்திரி பத்து மணிக்கு பரோட்டா, அப்புறம் "கர்த்தர் சுகம் தருவார்" என்று ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுப்பது, இதுதான் பிரச்சினை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. சபைப் பதிவேட்டில் இருக்கிறவர்களும் அந்தக் கணக்கில் உண்டு.

உணவை விசுவாசத்தின் பாகமாகவே எடுத்துக்கொண்ட சபையும் இருக்கிறது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே புகை, மது வேண்டாம், முடிந்தால் சைவம் என்று போதித்துவருகிறார்கள். கலிபோர்னியாவில் அவர்களை வைத்து நடந்த நீண்ட ஆய்வொன்றில், அங்குள்ள மற்ற வெள்ளையர்களைவிட அட்வென்டிஸ்ட் ஆண்கள் சராசரியாக 7 வருஷமும் பெண்கள் 4 வருஷத்துக்கு மேலும் கூடுதலாக வாழ்வதாகத் தெரிந்தது. இது 2001-இல் வெளிவந்தது.

தானியேல் டயட் என்று ஒன்று இப்போது பிரபலம், இருபத்தொரு நாள் காய்கறியும் தண்ணீரும், எடை குறையும் என்று வீடியோ போடுகிறார்கள். தானியேல் முதலாம் அதிகாரத்தில் அவரும் மூன்று நண்பர்களும் பாபிலோன் ராஜாவின் சாப்பாட்டை மறுத்து, பருப்பு முதலான மரக்கறி சாப்பிட்டது பத்து நாள். பத்து நாள் கழித்து என்ன ஆயிற்று? "அவர்கள் முகம் களையுள்ளதாயும், சரீரம் புஷ்டியுள்ளதாயும் காணப்பட்டது." புஷ்டி! எடை கூடியிருக்கிறது ஐயா. அவர்கள் அதை எடைக்காகச் செய்யவில்லை, ராஜாவின் சாப்பாட்டால் தங்களைத் தீட்டுப்படுத்திக்கொள்ளக் கூடாது என்று செய்தார்கள். தவக்காலத்தில் நாற்பது நாள் இறைச்சியை விடுகிறீர்களா, நல்லது. கூடவே இரண்டு கிலோ குறைந்தால் போனஸ். ஆனால் ஈஸ்டருக்குள் இவ்வளவு குறைக்க வேண்டும் என்று மெஷினில் ஏறி ஏறிப் பார்த்தால், அது டயட்தான், அதற்கு உபவாசம் என்ற பெயர் வேண்டாம்.

ஒரு முக்கோணத்தின் கதை

சென்னைப் புத்தகக் காட்சிக்கு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குப் போயிருப்பீர்கள். அந்த வளாகம் ஓர் உடற்கல்விக் கல்லூரி, ஹாரி பக் என்ற அமெரிக்கர் 1920-இல் மதராசில் ஆரம்பித்தது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியைக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். ஒய்.எம்.சி.ஏ. என்றால் கிறிஸ்தவ வாலிபர் சங்கம், ஒரு கிறிஸ்தவ அமைப்பு எதற்கு உடற்கல்வி சொல்லிக்கொடுக்க வேண்டும்?

லண்டனில் ஜவுளிக்கடை வேலையாளாக இருந்த ஜார்ஜ் வில்லியம்ஸ் 1844-இல் ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கியபோது அது ஜெபமும் வேதவாசிப்பும் நடக்கும் இடம் மட்டும்தான். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில், நல்ல கிறிஸ்தவன் நல்ல உடற்கட்டோடும் இருக்க வேண்டும் என்ற ஓர் இயக்கம் கிளம்பியது, "தசைக் கிறிஸ்தவம்" என்று அதற்குப் பட்டப்பெயர். அது அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ.வுக்குள் புகுந்தது. லூதர் குலிக் என்பவர் ஆவி, மனம், உடம்பு மூன்றையும் குறிக்க ஒரு சிவப்பு முக்கோணத்தைச் சின்னமாக்கினார். அவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பனிக்காலத்தில் உள்ளரங்கில் ஆட ஒரு விளையாட்டை 1891 டிசம்பரில் உண்டாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், இறையியல் படித்தவர். பீச் பழக்கூடை இரண்டை மாடத்தில் ஆணியடித்து மாட்டினார், அதுதான் கூடைப்பந்து. நாலு வருஷம் கழித்து இன்னொரு ஒய்.எம்.சி.ஏ.காரர் வில்லியம் மார்கன் கைப்பந்தை உண்டாக்கினார். கிறிஸ்துமஸ் சமயத்தில் நம் ஊர்களில் ஆலய மைதானத்தில் வாலிபர் சங்கம் நடத்தும் வாலிபால் போட்டிக்கு இப்படி ஒரு பூர்வீகம் இருக்கிறது.

தசைக் கிறிஸ்தவத்தை நான் முழுக்கப் பாராட்டிவிட மாட்டேன். ஆண்மை, வீரம், சாம்ராஜ்யம் என்ற பேச்சும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது, உடம்பு பலவீனமானவர்களுக்கு அதில் இடம் குறைவு. ஆனால் அந்தக் காலத்து விளையாட்டு வீரர்களில் ஒருவரை மட்டும் மறக்க முடியாது. ஸ்காட்லாந்துக்காரர் எரிக் லிடெல், அதே 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓட மாட்டேன் என்றார். அவருடைய பலமே 100 மீட்டர்தான். பதிலுக்கு 400 மீட்டர் ஓடி, 47.6 விநாடியில் தங்கம் வாங்கினார். அடுத்த வருஷமே மிஷனரியாகச் சீனாவுக்குப் போய்விட்டார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். அங்கே பிள்ளைகளுக்குப் பாடமும் விளையாட்டும் சொல்லிக்கொடுத்தார். ஞாயிறு அன்று நடுவர் இல்லாமல் பிள்ளைகள் ஹாக்கி ஆடி அடித்துக்கொண்டபோது, தன் கொள்கையைத் தளர்த்தி அவரே நடுவராக நின்றதாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1945-இல் மூளைக் கட்டியால் அந்த முகாமிலேயே இறந்தார், 43 வயதில். தங்கம் வாங்கிய உடம்பும் நோய்க்குத் தப்பவில்லை.

நடக்க முடியாதவர் ஆலயம் இல்லையா?

இந்தக் கேள்வி வந்தே ஆக வேண்டும். ஆரோக்கியம்தான் ஆவிக்குரிய வாழ்க்கைக்கு அடையாளம் என்று பேச ஆரம்பித்தால், படுக்கையில் கிடப்பவருக்கு அது இரண்டாவது அடி. திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் கோயில்களுக்கு ஒப்புக்கொடுக்கப்பட இருந்த சிறுமிகளை மீட்டு வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931-இல் விழுந்து அடிபட்டார். அதற்கப்புறம் 1951-இல் சாகும் வரை ஏறக்குறைய இருபது வருஷம் அறைக்குள்ளேயே கிடந்தார். அங்கிருந்து எழுதிக் குவித்தார். அவர் அயர்லாந்தில் சிறுமியாக இருந்தபோது பழுப்புக் கண் பிடிக்காமல், நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்து, காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்து ஏமாந்துபோனதாக ஒரு கதை உண்டு. பிறகு இங்கே சேலை கட்டி நம் ஜனங்களுக்குள் நடமாட அந்தப் பழுப்புக் கண்தான் உதவியதாம்.

மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு எலியா தீர்க்கதரிசியின் கதையைச் சொல்வேன். சூரைச்செடியின் கீழ் படுத்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, சாப்பிடு என்கிறான். சாப்பிட்டுத் தூங்குகிறார். மறுபடி எழுப்பி, மறுபடி சாப்பாடு (1 இராஜாக்கள் 19). பேச்செல்லாம் நாற்பது நாள் கழித்துத்தான். தூக்கமும் சாப்பாடும் சில நேரம் ஜெபத்துக்கு முன்னால் வர வேண்டியிருக்கிறது.

சில்லறைக் கேள்விகள்

முடிக்கு டை அடிக்கலாமா? அடித்துக்கொள்ளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். "நரைமயிரானது மகிமையான கிரீடம்" என்று நீதிமொழிகள் 16:31-இல் இருக்கிறது, இரண்டுக்கும் பரலோகத்தில் விசாரணை இருக்காது. பச்சை குத்தலாமா? லேவியராகமம் 19:28 தடுக்கிறது. அது செத்தவர்களுக்காக உடம்பைக் கீறிக்கொள்ளும் வழக்கத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்டது, அதற்கு முந்தின வசனம் தாடியின் ஓரத்தை வெட்டாதே என்கிறது, அதை நாம் யாரும் பின்பற்றுவதில்லை. எகிப்து நாட்டு காப்டிக் கிறிஸ்தவர்கள் மணிக்கட்டில் சிலுவையையே பச்சை குத்திக்கொள்கிறார்கள். புரோட்டீன் பவுடர் சாப்பிடலாமா என்பதை டாக்டரிடம் கேளுங்கள், பாஸ்டரிடம் வேண்டாம். ஸ்டீராய்டு ஊசி போட்டு உடம்பை ஏற்றுவது வேண்டவே வேண்டாம், அது ஈரலுக்கும் இதயத்துக்கும் கேடு. சுகர் மாத்திரையை விசுவாசத்தின் பேரில் நிறுத்துவதும் அப்படித்தான். வயிற்றுக்கோளாறுக்கு "கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள்" என்று தீமோத்தேயுவுக்குச் சொன்ன பவுல், ஜெபம் மட்டும் போதும் என்று விட்டுவிடவில்லை.

ஜிம் போக ஆரம்பித்த பிறகு கண்ணாடி முன்னால் நேரம் கூடிக்கொண்டே போகிறதா, குண்டாக இருக்கும் நண்பனைப் பார்த்தால் உள்ளுக்குள் ஓர் இளப்பம் வருகிறதா, அங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்காமல், அப்பாவைத் தூக்கி உட்கார வைக்கத் தெம்போடு இருக்கிறீர்களா, தொடருங்கள்.

மாரத்தான், சைக்கிள் ஓட்டம் எல்லாம் ஞாயிறு காலையில்தான் வைக்கிறார்கள், அதற்கு என்ன செய்வது என்று ஒரு தம்பி கேட்டான். லிடெல் மாதிரி ஓடாமலும் இருக்கலாம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு என்றால், பெரும்பாலான நகரச் சபைகளில் மாலை ஆராதனை உண்டு, அதற்குப் போகலாம். மாசம் நாலு ஞாயிறும் ஓட்டம் என்றால், போய் உங்கள் சபைப் பாஸ்டரிடம் பேசுங்கள். அவரையும் சனிக்கிழமை காலை வாக்கிங்குக்குக் கூப்பிடுங்கள், அவருக்கும் தேவைப்படும்.